கொழும்பு வீட்டுத் தோட்டம்: செடியில் இது தெரிந்தால் இதைப் பாருங்கள்

மருந்துப் போத்தலைக் கையில் எடுப்பதற்கு முன் செடியின் அடியில் விரலை விடுங்கள். இரண்டாவது கணு வரை போகட்டும். உள்ளே சகதியா, ஈரம் பதமாக இருக்கிறதா, காய்ந்து கட்டியாகிவிட்டதா என்று தெரிந்த பிறகு இலையைப் பார்க்கலாம். கொழும்பில் 'செடிக்கு நோய்' என்று சொல்லி ஒருவரையொருவர் கேட்கும் கேள்விகளில் பெரும்பங்கு தண்ணீர், வெளிச்சம், பருவம் ஆகியவற்றின் கோளாறுதான். பூச்சியும் கிருமியும் பெரும்பாலும் அதற்குப் பின்னால் வருகின்றன.

பருவத்தை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் மனதில் வைத்திருப்பது ஊர்க் கணக்கு. யாழ்ப்பாணத்தில் ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, அதன் பிறகு கிணற்றுத் தண்ணீர். கொழும்பில் அப்படி இல்லை. வைகாசியில் தென்மேல் பருவக்காற்று ஒரு மழை கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடிமழை இன்னொரு முறை கொட்டும். இந்த மாதங்களில் 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்வது சாதாரணம். தை, மாசியில்தான் மழை கொஞ்சம் ஓய்கிறது. அம்மாவோ மாமாவோ ஊரிலிருந்து சொல்லும் நாளில் விதை போட்டால், அவர்கள் சொன்னது சரியாகவே இருந்தாலும் உங்கள் செடி வேறு வானத்தின் கீழ் நிற்கிறது.

இலை பச்சையாக இருக்கும்போதே செடி வாடுகிறது

மத்தியானம் வாடி, பொழுதுபட நிமிர்ந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மொட்டைமாடிச் சீமெந்துத் தரையின் சூடு சாடிக்குள் ஏறுகிறது. இரண்டு செங்கல் வைத்துச் சாடியைத் தூக்குங்கள், மேல் மண்ணைத் தும்பாலோ சருகாலோ மூடுங்கள். சாடி சின்னதாக இருந்தாலும் இதே கதைதான். மிளகாய்க்கு எட்டுப் பத்து லீற்றர் கொள்ளும் வாளி போதும். தக்காளிக்கும் கத்தரிக்கும் 15 லீற்றருக்குக் குறையாத பெயின்ற் வாளி வேண்டும்.

மண் ஈரமாக இருந்தும் வாடுகிறதா? அப்போது மேலும் தண்ணீர் விட்டால் செடியை நீங்களே முடித்துவிடுவீர்கள். வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கியிருக்கும். சாடியைச் சரித்து அடியில் மணந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் வடிகால் அடைபட்டிருக்கிறது. ஓட்டைகளைக் குத்திவிட்டு, மழை படாத இடத்தில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீர் வேரையும் அழுக வைக்கும், நுளம்பையும் வளர்க்கும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்து தட்டைப் பார்த்தால் பிறகு கத்தரிக்காய் பற்றி யாரும் பேசப்போவதில்லை. 2007ஆம் ஆண்டிலிருந்து நுளம்பு பெருக இடம் கொடுப்பதற்கு எதிராகத் தனிச் சட்டமே இருக்கிறது. தட்டு கட்டாயம் வேண்டுமென்றால் அதில் மணலை நிரப்பிவிடுங்கள்.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றில் ஒன்று ஒரே நாளில் தொங்கிப்போய், இரவிலும் நிமிரவில்லை, இலை மஞ்சளாகவும் இல்லை என்றால் பக்டீரியா வாடல் என்று சந்தேகிக்க வேண்டும். சூடும் ஈரமும் சேர்ந்த நம் மண் அதற்கு நல்ல இடம். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரில் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல வெள்ளை இழை கீழே இறங்கினால் அதுதான். இதற்குத் தெளிக்கும் மருந்து எதுவும் பயன் தராது. கடையில் கொடுப்பதை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். செடியை வேரோடும் மண்ணோடும் எடுத்துப் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள், கூட்டெருக் குழியில் போடாதீர்கள். வெட்டிய கத்தியைக் கொதிநீரில் கழுவுங்கள். அந்த மண்ணில் இந்தக் குடும்பத்துச் செடி எதையும் பிறகு நடக்கூடாது. கங்குன், பயற்றை, வெண்டி போடலாம். தக்காளியில் 'திலின' இந்த நோயைத் தாங்கக்கூடிய உள்நாட்டு இனம். கத்தரியைச் சுண்டங்காய்ச் செடியின் அடித்தண்டில் ஒட்டினால் அதுவும் தாங்கும். தெகிவளையில் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் அப்படி ஒட்டிய கத்தரியிலிருந்து வருடக் கணக்காகக் காய் பறிக்கிறார். ஒட்டுவது கடினமான வேலையில்லை, பொறுமைதான் வேண்டும்.

கத்தரியில் நுனிக் குருத்து மட்டும் தலை குனிந்து நிற்கிறதா? தண்டுக்குள் புழு இருக்கிறது. குனிந்த இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, பிளந்து பாருங்கள், இளஞ்சிவப்பாகக் கிடைக்கும். இதே புழுதான் அப்புறம் காயிலும் ஓட்டை போடுகிறது. வாரம் ஒரு தடவை குனிந்த குருத்துகளை வெட்டி நசுக்கினாலே வீட்டுத் தோட்டத்துக்குப் பாதிப் பிரச்சினை தீரும். வெட்டியதை அங்கேயே போட்டுவிட்டுப் போனால் எந்தப் பலனும் இல்லை.

பயற்றங்காய் நாற்று இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாடி, அடித்தண்டு வீங்கி வெடித்திருந்தால் அது பயற்றை ஈயின் வேலை. பிழைத்த நாற்றுகளுக்கு அடியில் மண் அணைத்துவிடுங்கள், வீங்கிய இடத்துக்கு மேலிருந்து புது வேர் விடும். போனதற்குப் பதிலாகப் புதிதாக விதையுங்கள்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி. கீழே உள்ள கிழட்டு இலை முழுதாக வெளிறி, செடியும் வளராமல் நின்றால் நைதரசன் போதவில்லை. கனமழைக்குப் பிறகு சாடிச் செடிகளில் இது கட்டாயம் வரும், ஏனென்றால் மழை பசளையை அடியால் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. கூட்டெரு ஒரு கைப்பிடி போடுங்கள், அல்லது அல்பேர்ட் கரைசல் என்ற கலவைப் பசளையை வாங்கிப் பொதியில் சொன்ன அளவில் கலந்து வாரமொரு முறை ஊற்றுங்கள். கீழ் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம். எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் புதிய இலைகளில் வித்தியாசம் தெரியும். இதே கோலம் நுனி இலையில் வந்தால் இரும்புச்சத்து. வீடு கட்டிய இடிபாடும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் இதைப் பார்க்கலாம்.

வெண்டியில் மட்டும் நரம்பு மஞ்சள் வலைபோலத் தெரிந்து, காயும் வெளிறினால் அது வைரசு. வெண்ஈ கொண்டுவருகிறது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. ஒரு செடிக்கு இரக்கப்பட்டால் பக்கத்துச் செடிகள் போகும்.

மீன் கழுவிய தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இலை மஞ்சளானால் யாராவது அதைத்தான் முதலில் சொல்வார்கள். கறிவேப்பிலைக்கு அது நல்லதுதான், ஆனால் நிலத்தில் நிற்கும் மரத்துக்கு. மாடிச் சாடியில் ஊற்றினால் வருவது ஈயும் எலியும், பிறகு கீழ்வீட்டுக்காரரின் முறைப்பாடும்.

இலையின் ஓரமும் நுனியும் கருகுகின்றன

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைக் கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு இது தனிப் பிரச்சினை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று கடல்நீரைத் தூளாக அடித்துக்கொண்டு வருகிறது. மரைன் டிரைவ் பக்கம் கண்ணாடி யன்னலில் விரலால் தடவினால் உப்புப் படிவது தெரியும். அதே உப்பு இலையிலும் படிகிறது. அடையாளம் எளிது: கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் கருகி, மறைவில் உள்ள இலைகள் நன்றாக இருக்கும்.

காற்று பலமாக அடித்த நாள் பின்னேரம் குழாய்த் தண்ணீரால் இலைகளைக் கழுவுங்கள். மழை பெய்தால் அந்த வேலை தேவையில்லை. காற்று மட்டும் அடித்து மழை ஏமாற்றும் நாட்கள்தான் மோசம். பச்சை நிழல்வலையைக் கைப்பிடிச் சுவரில் கட்டினால் பெரும்பகுதி தடுபடும். சீலைத் துண்டும் சரிதான், ஆனால் காற்றில் பாய்மரமாகிச் சாடியைக் கவிழ்த்துவிடும். வலையில் காற்றுப் புகுந்து போவதால் அந்த ஆபத்து குறைவு. அந்த மாதங்களில் கடற்பக்க வரிசையில் பயற்றையையும் தக்காளியையும் வைக்காமல், பசளி, முருங்கை போன்ற தாங்கக்கூடியவற்றை வைப்பது புத்தி.

கடலிலிருந்து தூரத்தில், கொட்டாஞ்சேனையிலோ வத்தளையிலோ இருந்தும் ஓரம் கருகினால், மண்ணின் மேற்பரப்பைப் பாருங்கள். வெள்ளைப் படிவம் இருந்தால் பசளை கூடிவிட்டது. தும்புத்தூளைக் கழுவாமல் பாவித்தாலும் இதே விளைவு, ஏனென்றால் புதுத் தும்புத்தூளில் உப்பு இருக்கிறது. இரண்டு மூன்று முறை நனைத்துப் பிழிந்து, வடியும் தண்ணீரின் கடும் தேயிலைச் சாய நிறம் குறைந்த பிறகே மண்ணோடு கலக்க வேண்டும். ஏற்கனவே நட்டாயிற்று என்றால், சாடியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள்.

மிளகாய் இலை சுருள்கிறது

ஊரில் குருமன் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவார்கள். ஆனால் சுருளும் திசையைப் பார்த்தால் ஆள் யார் என்று தெரியும். இலை ஓரம் மேல்நோக்கி மடிந்து வள்ளம் போல ஆனால் பனிப்பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை ஒடுங்கினால் சிற்றுண்ணி. இலை சிறுத்துத் தடித்து, மஞ்சளோடி, நுனியில் கொத்தாகக் குவிந்தால் வைரசு. வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் குருத்தைத் தட்டுங்கள். மெல்லிய மஞ்சள் கோடுபோல ஓடுவது பனிப்பூச்சி. சிற்றுண்ணி வெறும் கண்ணுக்குப் பிடிபடாது.

முதல் இரண்டுக்கும் தொடக்கம் தண்ணீர்தான். காலையில் இலையின் அடிப்பக்கத்தைப் பலமாகக் கழுவுங்கள். வெயில் காய்ந்த நாட்களில்தான் இவை பெருகும், மழைக்காலத்தில் தானாகவே குறையும். போதவில்லை என்றால் வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டியும் பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம் சில துளியும் ஒரு லீற்றர் தண்ணீரில் நன்றாகக் குலுக்கி, பொழுதுபட்ட பிறகு அடி இலையில் தெளியுங்கள். ஐந்தாறு நாள் விட்டு இன்னொரு முறை. முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து அடுத்த நாள் பாருங்கள். உடுப்புத் தோய்க்கும் பவுடரைக் கரைத்துத் தெளிக்காதீர்கள், இலை கருகிப் போகும். மூன்றாவதான வைரசுக்கு வெண்டிக்குச் சொன்னதே தீர்ப்பு.

பயற்றங்காய்க் குருத்தில் கறுப்பாக அழுக்கணவன் (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) அப்பியிருந்தால் எறும்பு ஏறும் வழியையும் பாருங்கள். எறும்புதான் அதைக் காவல் காக்கிறது. பந்தல் கம்பியில் கிறீஸ் தடவிய துணியைச் சுற்றுங்கள். சிவப்பில் கறுப்புப் புள்ளி போட்ட பளபளப்பான சின்ன வண்டு அங்கே உலாவினால் மருந்தே தேவையில்லை, அது அழுக்கணவனைத் தின்னும். ஆனால் கத்தரியிலும் பாவலிலும் அதே அளவில் மங்கலான செம்மஞ்சள் வண்டு, நிறையப் புள்ளியோடு இருந்தால் அது இலை அரிப்பது. பளபளப்பு இல்லாததைப் பிடித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள்.

பூ நிறைய, காய் இல்லை

பந்தல் கொடிகளில் முதலில் வருவது ஆண் பூ. இரண்டு வாரம் வெறும் ஆண் பூவாகவே கொட்டுவது இயல்பு. பெண் பூவுக்குப் பின்னால் சின்னப் பிஞ்சு ஒட்டியிருக்கும். அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. நாலாம் ஐந்தாம் மாடிக்குத் தேனீ வருவது குறைவு, ஆகவே நாம்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இங்கே நேரம்தான் முக்கியம். பூசணி, பாவல், வெள்ளரி விடியற்காலையில் மலரும். பத்து மணிக்குள் வேலையை முடிக்க வேண்டும். புடோலும் சுரையும் வெள்ளைப் பூ. பொழுதுபடத்தான் விரியும், அந்துப்பூச்சிக்காக. காலையில் போய்ப் பார்த்தால் பூ வாடிக் கிடக்கும். பீர்க்கு மஞ்சளாக இருந்து ஏமாற்றும், அதுவும் பின்னேரத்துக்காரர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து தேநீர் குடித்த பிறகு பல்கனி வெளிச்சத்தில் செய்யலாம் என்பதால் அலுவலகம் போகிறவர்களுக்குப் புடோல்தான் வசதியான கொடி. ஆண் பூவைப் பறித்து, இதழை ஒதுக்கி, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். மழை அடிக்கும் மாலையில் பூவின் மேல் ஒரு குடை பிடித்தால் பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள், காய் பிடிக்கும்.

தக்காளிப் பூ உதிர்வதற்குக் காரணம் வேறு. தக்காளி விரும்புவது 15 முதல் 20 பாகை வரையான இரவு. கொழும்பில் சித்திரை, வைகாசி இரவுகள் 24, 25 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. தை, மாசியில்தான் 22 அளவுக்கு வரும். அந்த இரண்டு மாதத்தில் பூக்கும்படி கணக்குப் போடுங்கள்: கார்த்திகையில் மழை படாத கூரையின் கீழ் நாற்றுப் போட்டு, மார்கழியில் சாடிக்கு மாற்றினால் தைப் பொங்கலுக்குப் பிறகு பூ வரும். காலை எட்டு ஒன்பது மணியளவில் பூக்கொத்தை விரலால் சுண்டிவிடுங்கள். வைகாசியில் நட்டு, பூ உதிர்கிறது என்று ஹோர்மோன் தெளிப்பதை விட, அந்த மாதங்களில் கத்தரியோ வெண்டியோ வைப்பது மேல்.

செடி நெடுநெடுவென்று வளர்ந்து பூவே வராவிட்டால் வெயில் போதவில்லை. காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். பக்கத்தில் மாடிக்கட்டடம் எழும்பி வெயிலை மறைத்துவிட்டதென்றால் சண்டை போட்டு ஆகாது. வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் என்று கீரைக்கு மாறுங்கள்.

தக்காளியின் அடிப்பாகம் கறுத்துக் குழிவிழுகிறது

கல்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் கல்சியம் இல்லாததால் அல்ல; ஒருநாள் வெள்ளம், இரண்டு நாள் வறட்சி என்று தண்ணீர் விட்டதால். தினமும் ஒரே அளவு ஊற்றுங்கள். முட்டைக் கோது மக்க மாதக்கணக்கில் ஆகும், இந்தப் போகத்துக்கு உதவாது.

பாவற்காய்க்குள் புழு

பழ ஈ பிஞ்சிலேயே முட்டையிடுகிறது. உள்ளே போன பிறகு எந்த மருந்தும் எட்டாது. பிஞ்சு சுண்டுவிரல் நீளம் வந்ததும் பத்திரிகைத் தாளைக் குழாயாகச் சுற்றி, மேல்வாயைக் கட்டி மூடுங்கள். பொலித்தீன் பை வேண்டாம், ஈரம் தேங்கி அழுகும். புழு விழுந்த காயைச் செடியடியில் விடாதீர்கள். அந்தப் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி அடுத்த படையாக வரும். பையில் இறுகக் கட்டி வெயிலில் இரண்டு மூன்று நாள் வைத்து எறியுங்கள்.

ஓரிரவில் நாற்று முழுதும் காணவில்லை

பூச்சி அப்படித் தின்னாது. இரவு டோர்ச் எடுத்துப் போனால் ஆபிரிக்க நத்தை பிடிபடும், மழைக்காலத்தில் மதில் முழுக்க ஏறும். வெறும் கையால் தொட வேண்டாம், மனிதருக்கு ஆபத்தான ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கலாம். கையுறையோ பையோ போட்டுப் பிடித்து உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். உப்பைச் செடியடியில் தூவினால் நத்தையோடு செடியும் போகும். பகலில் பிஞ்சு தக்காளி மறைந்தால் அணில். அதற்கு வலையைத் தவிர எனக்குத் தெரிந்த வழி இல்லை.

முதல் போகம் நன்றாக வந்தது, இப்போது எதுவும் வளரவில்லை

2022இல் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்துத் தோட்டம் செய்யச் சொன்ன காலத்தில் கொழும்பில் எத்தனையோ மாடிகளில் வாளியும் உரப்பையும் ஏறின. அந்த மண் பல வீடுகளில் இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் விதை போட்டுவிட்டு விதை சரியில்லை என்கிறோம்.

வாளியைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். பழைய வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு வட்டப்புழு. மண்ணை ஈரமாக்கி, தெளிவான பொலித்தீனில் கட்டி, தை மாசி வெயிலில் நான்கைந்து வாரம் மொட்டைமாடியில் வையுங்கள். முடிச்சு இல்லையென்றால் அந்த வேலை வேண்டாம். கட்டியை உடைத்து, மூன்றில் ஒரு பங்கு கூட்டெருவும் இரண்டு கைப்பிடி கரித்த உமியும் கலந்தால் போதும். மண் செம்பூரான் கல்லைப் போலச் சிவப்பாக இருந்தால் புளிப்புத்தன்மை கூடியிருக்கக்கூடும், ஒரு வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூள்) சேர்த்து இரண்டு வாரம் ஆறவிடுங்கள். டொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நாளில் போடாதீர்கள், நைதரசன் காற்றில் போய்விடும்.

பிறகு நடும்போது முன்பு கத்தரி, மிளகாய், தக்காளி நின்ற வாளியில் பயற்றையை வையுங்கள், அதற்கடுத்து கீரை, அதற்கடுத்து கொடி. எந்த வாளியில் எது நின்றது என்பது நினைவில் நிற்காது, வாளியின் பக்கத்தில் பெயின்ற் மார்க்கரால் பயிரையும் மாதத்தையும் எழுதிவிடுங்கள்.